கணினி வரையும் விளைச்சல் படம்



தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை எண்கள் எழுதப்படுகின்றன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பால்மரக் காட்டில், வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும் நிறுத்து எழுதுகிறார்கள். அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்த்து எழுதுகிறார்கள். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. செம்பனைக் காட்டில், வெட்டி அடுக்கிய குலைகளை எண்ணி எழுதுகிறார்கள். உதிரிப் பழத்துக்கு மூட்டைக் கணக்கு. குலை ஏற்றிய லாரி ஆலையின் எடைமேடையில் ஏறி இறங்கும்போது அங்கும் ஓர் எண் பதிவாகிறது. மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் ஒரு புத்தகத்தில் ஏறுகிறது.

இந்த எண்களை நாம் இரண்டே இடங்களில்தான் சந்திக்கிறோம். அவை எழுதப்படும் இடத்தில் ஒரு முறை. மாத முடிவில் சம்பளச் சீட்டில் மறுமுறை. இடையில் அவை எங்கே போகின்றன, என்ன ஆகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. முன்பு அவை கிராணியின் பேரேட்டில் வரிசையாக நின்றன. இன்று கணினிக்குள் போகின்றன. போன எண்கள் எண்களாகவே இருப்பதில்லை. கோடாகவும், பட்டையாகவும், வண்ணம் தீட்டிய நிலப்படமாகவும் வெளியே வருகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எந்தக் காட்டுக்கு எப்போது உரம் போடுவது, எந்த மரங்களை அழித்து மறுநடவு செய்வது, எந்தப் பகுதிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதெல்லாம் பெரிய தோட்டங்களில் முடிவாகின்றன. அப்படிப்பட்ட படத்தை எப்படிப் படிப்பது, அது என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்பதையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“நான் பாட்டுக்குக் குலை வெட்டுகிறேன். கணினியும் கோடும் எனக்கு எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தில் இருப்பது நம் உழைப்பு என்பதே அதற்குரிய மறுமொழி. நம் உழைப்பைப் பற்றிப் பேசும் படத்தைப் பிறர் மட்டும் படிக்கத் தெரிந்து, நமக்குப் படிக்கத் தெரியாமல் போனால், அவர்கள் சொல்வதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

முதலில், எண்ணைப் படமாக ஏன் மாற்ற வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கணக்குக்காக இரண்டு செம்பனைக் காடுகளை வைத்துக்கொள்வோம். முதல் காட்டில் ஆறு மாதங்களில் கிடைத்த குலை 20, 21, 19, 20, 21, 19 டன். மொத்தம் 120 டன். மாதச் சராசரி 20 டன். இரண்டாவது காட்டில் கிடைத்தது 26, 24, 21, 19, 16, 14 டன். இதற்கும் மொத்தம் 120 டன். மாதச் சராசரி 20 டன்தான். அரையாண்டு அறிக்கையில் சராசரியை மட்டும் எழுதினால் இரண்டு காடுகளும் சமம் என்று ஆகிவிடும். ஆனால் இவற்றைக் கோடாக வரைந்து பாருங்கள். முதல் கோடு வாய்க்கால் நீர்போல் சமமாக ஓடும். இரண்டாவது கோடு மாடிப்படியில் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போகும். அந்தக் காட்டுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. தண்ணீர் தேங்கியிருக்கலாம், கானோடெர்மா என்னும் பூஞ்சை மரத்தின் அடியை அழுகச் செய்திருக்கலாம், எலித் தொல்லை இருக்கலாம், குலை வெட்ட ஆள் போதாமலும் இருக்கலாம். சராசரி மறைத்துவிட்ட இந்தச் செய்தியைக் கோடு ஒரே பார்வையில் காட்டிவிட்டது.

இதே உண்மையை 1973ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியல் அறிஞர் மிக அழகாக எடுத்துக்காட்டினார். அவர் நான்கு எண் தொகுதிகளை உண்டாக்கினார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். சராசரியைக் கணக்கிட்டால் நான்கும் ஒன்றாகவே இருந்தன. ஏற்ற இறக்கத்தின் அளவைக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் படமாக வரைந்தபோது ஒன்று ஏறக்குறைய நேர்கோடாகவும், மற்றொன்று வளைந்த வில்லாகவும் தெரிந்தது. மூன்றாவது, ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும் நேர்கோடு. நான்காவதில் ஒன்றைத் தவிர எல்லாப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நின்றன. கணக்கைப் போடு, ஆனால் படத்தையும் பார் என்பதே அவர் உணர்த்திய பாடம்.

எண்ணைப் படமாக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1786ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நாடுகளின் வாணிகக் கணக்கைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து நூல் வெளியிட்டார். வட்டத்தைத் துண்டு போட்டுப் பங்கு காட்டும் படத்தை 1801இல் அவரே கொண்டுவந்தார். பயிர்க் கணக்குக்குப் பெயர் பெற்ற இடம் இங்கிலாந்தில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். அங்கு ஒரு கோதுமை வயலில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய சோதனை இன்றுவரை நடந்துவருகிறது. எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த உரம், எவ்வளவு விளைச்சல் என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தார்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கும் மேலான கணக்கு குவிந்து கிடந்த நிலையில், 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்னும் கணித அறிஞர் அதை ஆராய வந்தார். மழையின் பங்கு என்ன, உரத்தின் பங்கு என்ன என்று பிரித்தறியும் முறைகளை அவர் அங்கேதான் உருவாக்கினார். 1954இல் அதே நிலையத்துக்கு எல்லியட் 401 என்னும் கணினி வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துக் கணினி அலமாரி அலமாரியாக ஓர் அறையை அடைத்துக்கொண்டது. இன்று அதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமான கணினி நம் சட்டைப் பையில் கைப்பேசியாக இருக்கிறது. அன்று ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து வரைந்த படத்தை அது ஒரு நொடியில் வரைந்துவிடும். எண் மாறினால் படமும் உடனே மாறும். வேகமும் களைப்பின்மையுமே கணினியின் சிறப்பு. ஆனால் கொடுத்த எண் சரியா தவறா என்பது அதற்குத் தெரியாது. காட்டில் தவறாக எண்ணிய குலை, கணினிக்குள் போய்த் திருந்திவிடுவதில்லை.

இனி, படங்களின் வகையைத் தெரிந்துகொள்வோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இவற்றைக் குறிவரைவு என்று படிக்கிறார்கள். காலத்தோடு ஒன்று எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டுவது கோட்டுப் படம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது பட்டைப் படம். முழுமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டுவது வட்டப் படம். இரண்டு பொருள்களுக்கு உறவு உண்டா என்று காட்டுவது புள்ளிப் படம். மழை ஓர் அச்சில், விளைச்சல் மறு அச்சில் என்று வைத்துப் புள்ளி இடுவார்கள். எந்த இடத்தில் அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று காட்டுவது வண்ண நிலப்படம். இந்த ஐந்தையும் அறிந்தால் போதும். அலுவலகச் சுவரில் தொங்கும் பெரும்பாலான படங்களை நாம் படித்துவிடலாம்.

இப்போது நம் நாட்டுக் கணக்கை எடுத்து ஒரு கோட்டுப் படம் வரைவோம். காகிதம் எடுத்துவைத்திருப்பவர்கள் கூடவே வரையலாம். மலேசியச் செம்பனைக் காடுகளில் ஒரு ஹெக்டருக்குச் சராசரியாகக் கிடைத்த குலையின் எடை இது. 2015இல் 18.48 டன். 2016இல் 15.91 டன். 2017இல் 17.89 டன். 2018இல் 17.16. 2019இல் 17.19. 2020இல் 16.73. 2021இல் 15.47. 2022இல் 15.49. 2023இல் 15.79. 2024இல் 16.70.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் இரண்டு பள்ளங்கள் தெரிகின்றன. ஒன்று 2016இல். மற்றொன்று 2021இல். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான பள்ளங்கள்தாம். விளைச்சல் குறைந்துவிட்டது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். ஏன் குறைந்தது?

முதல் பள்ளத்தைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டிலும் 2016இன் தொடக்கத்திலும் எல் நீனோ என்னும் வானிலை மாற்றம் கடுமையாக இருந்தது. மழை பொய்த்தது, வெயில் வாட்டியது. ஆனால் செம்பனை ஒரு விந்தையான மரம். இன்று காய்ந்தால் நாளையே குலை குறையாது. நாம் வெட்டும் குலை, பூவாக விரிந்து மகரந்தம் சேர்ந்த பின் பழுக்கவே ஐந்தாறு மாதம் ஆகிறது. அதற்கு முன்பே, அதாவது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய பத்து மாதம் முன்னால், வறட்சியைத் தாங்காத இளம் பூங்கொத்துகள் குருத்துக்குள்ளேயே கருகிவிடுவதுண்டு. இன்னும் பின்னோக்கிப் போனால், வெட்டுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னால்தான் ஒரு பூங்கொத்து ஆண் பூவாகுமா, குலை தரும் பெண் பூவாகுமா என்பது தீர்மானமாகிறது. மரம் தவித்தால் ஆண் பூ அதிகமாகும், குலை குறையும். ஆகவே வறட்சியின் பலன் பல மாதம் தள்ளியே காட்டில் தெரியும்.

கணினிப் படம் இங்கே பெரிதும் உதவுகிறது. மழைக் கோட்டை ஒரு வண்ணத்திலும் விளைச்சல் கோட்டை இன்னொரு வண்ணத்திலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முதலில் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். மழைக் கோட்டைப் பத்து மாதம் வலப்புறம் நகர்த்திப் பார்த்தால், மழையின் பள்ளமும் விளைச்சலின் பள்ளமும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் காணலாம். கையால் வரைந்தால் பத்து முறை அழித்து எழுத வேண்டிய வேலையைக் கணினி விரல் நுனியில் செய்கிறது.

இரண்டாவது பள்ளத்தின் கதை வேறு. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாட்டிலிருந்து புதிய தொழிலாளர்கள் வருவது நின்றது. செம்பனைக் குலையைப் பத்து முதல் பதினான்கு நாளைக்கு ஒருமுறை சுற்றி வந்து வெட்ட வேண்டும். ஆள் குறைந்ததும் சுற்று நீண்டது. பழுத்த குலை மரத்திலேயே அழுகியது. உதிரிப் பழம் மண்ணோடு கிடந்தது. மரங்கள் காய்த்திருந்தும் குலை ஆலைக்குப் போய்ச் சேரவில்லை. உரம் போடுவதும் காடு பராமரிப்பதும் பின்தங்கின. இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் துணை நின்றன என்றாலும், ஆள் பற்றாக்குறையே அவற்றுள் முதன்மையானது.

இப்போது இரண்டு பள்ளங்களையும் மறுபடி உற்றுப் பாருங்கள். முதல் பள்ளம் கூர்மையானது. 15.91க்கு இறங்கிய கோடு மறு ஆண்டே 17.89க்கு ஏறிவிட்டது. மழை வந்தது, மரம் தேறியது. இரண்டாவது பள்ளம் தாம்பாளம்போல் தட்டையானது. 15.47, 15.49, 15.79 என்று மூன்று ஆண்டு அடியிலேயே கிடந்து, 2024இல்தான் கொஞ்சம் நிமிர்ந்தது. மழை ஒரே இரவில் வந்துவிடும். மரம் வெட்டப் பழகிய கை அப்படி வந்துவிடுவதில்லை.

நேயர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கணினி இரண்டு பள்ளங்களையும் துல்லியமாக வரைந்தது. ஆனால் ஒன்றின் அடியில் ‘வறட்சி’ என்றும் மற்றொன்றின் அடியில் ‘ஆள் இல்லை’ என்றும் அது தானாக எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர் காட்டில் நின்று பார்த்தவர். எப்போது குறைந்தது என்பதைப் படம் சொல்லும். ஏன் குறைந்தது என்பதற்கு மனிதனின் சாட்சி தேவைப்படுகிறது.

ஏறுகிற கோட்டுக்கும் இப்படிக் காரணம் தேட வேண்டும். 1981இல் மலேசியாவில் உற்பத்தியான கச்சா செம்பனை எண்ணெய் 2.82 மில்லியன் டன். 1982இல் அது 3.51 மில்லியன் டன்னாகத் தாவியது. அடுத்த ஆண்டு சற்று இறங்கினாலும் பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. காடுகளின் பரப்பு கூடிவந்தது உண்மைதான். ஆனால் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் கூடும்; அதனால் மட்டும் கோடு இப்படிச் செங்குத்தாக ஏறாது. வேறு என்ன நடந்தது? அதுவரை நம் நாட்டுச் செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை குறைவாகவே நடந்தது. தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பூக்களின்மேல் மகரந்தத் தூளைக் கையால் தூவிவந்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு சின்னஞ்சிறு வண்டு என்பதை ஆர். ஏ. சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து காட்டினார். அந்த வண்டு 1981இல் மலேசியக் காடுகளில் விடப்பட்டது. குலையில் பழம் நெருக்கமாகப் பிடித்தது. குலையின் எடை கூடியது. அதனால்தான் கோடு தாவி ஏறியது. கையால் தூவும் வேலையும் தேவையற்றதாயிற்று. ஒரு கோட்டின் தாவலுக்குப் பின்னால் ஒரு வண்டும், ஒரு வேலையின் மறைவும் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பால்மரத்துக்கு வருவோம். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பால்மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும். அப்போது பால் குறையும். மழைக்காலத்தில் காலையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டவே முடியாது. ஆகவே பன்னிரண்டு மாதப் பால் கணக்கைக் கோடாக வரைந்தால், அது ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இறங்கும்.

இதை அறியாத ஒரு புது மேற்பார்வையாளர், கணினிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னக்கா, ஜனவரியைவிட மார்ச்சில் உங்கள் நிரையில் பால் இவ்வளவு குறைந்துவிட்டதே!” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். படத்தைப் படிக்கத் தெரிந்த அந்த அம்மா என்ன சொல்வார்? “தம்பி, மார்ச்சை ஜனவரியோடு ஒப்பிடாதீர்கள். போன வருடத்து மார்ச்சோடு ஒப்பிடுங்கள். பக்கத்து நிரைகளின் கோட்டையும் கூடவே போட்டுப் பாருங்கள்” என்பார். எல்லாக் கோடுகளும் சேர்ந்து இறங்கினால் அது மரத்தின் காலம். அவருடைய கோடு மட்டும் இறங்கியிருந்தால் அவருடைய நிரையில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். பட்டை நோயா, மரம் காய்ந்துவிட்டதா, அல்லது உடல்நலம் சரியில்லாமல் போயிற்றா? படிக்கத் தெரியாதவரின்மேல் பழியாக விழக்கூடிய படம், படிக்கத் தெரிந்தவருக்குச் சான்றாக நிற்கும்.

படம் நம்மை ஏமாற்றும் வழிகளையும் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் மூன்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, சுழியில் தொடங்காத அளவுகோல். சற்றுமுன் சொன்ன எண்களில், 2015இல் 18.48 டன், 2016இல் 15.91 டன். குறைவு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு. இதைப் பட்டையாக வரையும்போது பக்க அளவுகோலைச் சுழியில் தொடங்காமல் 15இல் தொடங்கினால் என்ன ஆகும்? முதல் பட்டையின் உயரம் 3.48, இரண்டாவதின் உயரம் 0.91. முக்கால் பங்கு விளைச்சல் அழிந்துவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றும். எண் பொய் சொல்லவில்லை, படம் மிரட்டுகிறது. ஆகவே பட்டைப் படத்தைப் பார்த்ததும் முதலில் இடப்பக்க அளவுகோலின் அடியைப் பாருங்கள். அங்கே சுழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மொத்தமும் வீதமும். ஒரு வெட்டுத் தொழிலாளி ஒரு மாதம் 24 நாள் வேலை செய்து 36 டன் குலை வெட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் மழையாலும் விடுமுறையாலும் 18 நாள்தான் வேலை, வெட்டியது 28.8 டன். மொத்தத்தைப் பட்டையாக வரைந்தால் அவர் பின்தங்கிவிட்டார். நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், முதல் மாதம் நாளுக்கு 1.5 டன், இரண்டாம் மாதம் நாளுக்கு 1.6 டன். உண்மையில் அவர் முன்னேறியிருக்கிறார். எதை எதனால் வகுத்த எண் என்று கேட்காமல் எந்தப் படத்தையும் நம்பக்கூடாது.

மூன்றாவது, வண்ணம். 1972 முதல் லேண்ட்சாட் என்னும் வரிசையைச் சேர்ந்த துணைக்கோள்கள் பூமியைப் படம் பிடித்துவருகின்றன. பின்னர் வேறு துணைக்கோள்களும், இப்போது ஆளில்லாச் சிறு விமானங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. நலமான பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாட்டை அளந்து, நலமான இடத்துக்குப் பச்சை, நலிந்த இடத்துக்குச் சிவப்பு என்று கணினி வண்ணம் தீட்டுகிறது. மிகப் பயனுள்ள படம் அது. ஆனால் இளங்காட்டில் தரையை மூடிப் படர்ந்திருக்கும் கொடியும் பச்சைதான். மேலிருந்து பார்க்கும் கருவி கொடியின் பச்சையையும் மரத்தின் பச்சையையும் கலந்து கணக்கிட்டுவிடும். படத்தில் செழிப்பாகத் தெரியும் இடத்தில் கன்றுகள் மஞ்சள் பூத்து நிற்கலாம். ஒருவர் காலணி மாட்டிக்கொண்டு நடந்துபோய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவும் கேட்டபின், நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை. கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, இரண்டு வண்ணப் பென்சில்கள், எடுத்துவைத்த சம்பளச் சீட்டுகள் ஆகியவை போதும். அடிக்கோட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதுங்கள். பக்கக் கோட்டில் சுழியிலிருந்து தொடங்கி நாளுக்கு எத்தனை கிலோ அல்லது எத்தனை டன் என்று எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணையுங்கள். அடுத்த ஆண்டின் கோட்டை வேறு வண்ணத்தில் அதே தாளில் வரையுங்கள். கைப்பேசியில் கணக்குத்தாள் செயலி இருந்தால், ஒரு பத்தியில் மாதத்தையும் அடுத்த பத்தியில் எண்ணையும் இட்டு, படம் வரையச் சொல்லலாம். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பள்ளிக் கணக்கு அப்பாவின் குலைக் கணக்காகவும் அம்மாவின் பால் கணக்காகவும் மாறும்போது, அந்தப் பிள்ளைக்குக் குறிவரைவு ஒருபோதும் மறக்காது.

ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். ‘பத்து நாள் மழை.’ ‘இலை கொட்டியது.’ ‘உரம் போட்டார்கள்.’ ‘வேறு காட்டுக்கு மாற்றினார்கள்.’ ‘காய்ச்சல், ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை.’ எந்தத் துணைக்கோளும் எந்தக் கணினியும் எழுத முடியாத குறிப்புகள் இவை. விளைச்சல் ஏன் குறைந்தது என்ற கேள்வி எழும்போது, அந்தக் கோடும் அதன் அடியில் உள்ள குறிப்பும் சேர்ந்து உங்களுக்காகப் பேசும். நிர்வாகத்துக்கும் அது நன்மையே. தவறான காரணத்தை நம்பித் தவறான மருந்து போடும் செலவு மிச்சமாகும். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கணினியின் கோடு எண் என்றால், அதன் அடியில் நாம் எழுதும் காரணம் எழுத்து. இரண்டு கண்ணும் இருந்தால்தான் பார்வை சரியாக இருக்கும்.

இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் அதை மடித்துப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு புள்ளி வையுங்கள், நேயர்களே. பன்னிரண்டு மாதத்தில் அது ஒரு கோடாகும். அந்தக் கோட்டை உங்களுக்கும் படிக்கத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் படிக்கத் தெரியும்.